அமெரிக்கா போக வேண்டியவள்

பக்கத்து வீட்டுப் பெண் போன மாதம் அமெரிக்க மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வை எழுதிவிட்டு வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். எழுதினாள் என்று சொல்லக்கூடாது. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டியிருக்கிறாள். சரியான விடையைத் தட்டினால் அடுத்து இன்னும் கஷ்டமான கேள்வி வருமாம். தப்பாகத் தட்டினால், போனால் போகிறதென்று சுலபமானது வருமாம். "கேள்வி ஈஸியா வந்துச்சுன்னாதான் டீச்சர் பயமா இருக்கு. முன்னாடி தப்பு பண்ணிட்டமோன்னு" என்றாள். ஒழுங்காகச் செய்கிறவள் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றிவைக்கிற வேலை எங்கள் வீட்டிலும் நான் வேலை பார்த்த கல்லூரியிலும் எந்திரம் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பாவம், களைத்துப்போயிருந்தாள். காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நானும் அந்தத் தேர்வை எழுதியிருக்கிறேன். ஒரு முறையல்ல, இரண்டு முறை. அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. கேள்விகள் ஒரு புத்தகமாக வரும். விடைக்கு ஒரு தனித்தாள், அதில் சின்னச் சின்ன வட்டங்கள். சரியான வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக நிரப்ப வேண்டும். எங்கோ அமெரிக்காவில் ஓர் எந்திரம் அந்தக் கறுப்பைப் பார்த்து மார்க் போடும். மனுஷக் கண் படாத விடைத்தாள் என்பதே எங்களுக்கு அப்போது பெரிய அதிசயம். கையெழுத்து நன்றாக இருந்தால் இரண்டு மார்க் கூடக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

எழுபதுகளின் பின்பகுதி அது. காரைக்காலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். விரிவுரையாளர்கள் பாடம் நடத்திவிட்டுப் போன பிறகு, பிள்ளைகளை ஆய்வகத்தில் நிற்கவைத்துத் தவளையைக் கீறிக் காட்டுகிற வேலை. நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாதம் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் கையிலிருந்து, தவளையைக் கெடாமல் போட்டுவைக்கிற ஃபார்மலின் வாடை போகாது. என் கையால் பிசைந்த சோற்றில் அந்த வாடை இருப்பதாக அம்மா சொல்லுவாள். அம்மாவுக்கு மூட்டுவலி. அடுப்படி வேலை பாதிக்கு மேல் என்னுடையதுதான்.

அரசலாறு கடலில் கலக்கிற இடத்தில், உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் மாறி மாறி வருகிற சேற்றில், இறால் குஞ்சுகள் எப்படிப் பிழைக்கின்றன என்று ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஒரு பழைய நைலான் வலையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் இறங்குவேன். பார்க்கிறவர்கள் டீச்சருக்குக் குழம்புக்கு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே ஆராய்ச்சியில் சேர வேண்டுமானால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீடு தள்ளாடும். அமெரிக்காவில் இறால் ஆராய்ச்சி செய்கிற ஒரு பேராசிரியருக்கு நான் செய்ததையெல்லாம் எழுதிப் போட்டேன். அவர் பதில் எழுதினார். உன் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இங்கே வந்தால் ஆய்வகத்தில் உதவியாளராக வைத்துக்கொண்டு சம்பளமும் தரலாம், ஆனால் அந்தத் தேர்வில் தகுந்த மதிப்பெண் இல்லாமல் பல்கலைக்கழகம் உன்னை உள்ளே விடாது என்றார். ஆக, எல்லாம் அந்தத் தேர்வின் தலையில் வந்து நின்றது.

காரைக்காலில் வெளிநாடு என்றால் பிரான்ஸ். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் அங்கே இருந்தார்கள், அல்லது அங்கிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அமெரிக்கா என்றதும் கோயில் வாசலில் பார்க்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அங்க நமக்கு யாரு இருக்கா?" யாரும் இல்லை என்றால், கையில் மெழுகுவத்தி இல்லாமல் இருட்டில் போகிறவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

அப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர் முனிசிபாலிட்டியில் குமாஸ்தா. பழைய ஆட்கள் வாயில் முனிசிபாலிட்டி இன்னும் பிரெஞ்சுப் பெயரில் 'மேரி'தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் படித்து, பிரெஞ்சுக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, பிரெஞ்சு முழுசு. தேர்வில் பாதி, கடித்தால் பல் உடைகிற இங்கிலீஷ் வார்த்தைகள். ஒரு வார்த்தையைக் கொடுத்து அதற்கு எதிர்ப்பதம் எது என்பார்கள். சென்னையில் இருந்த ஒரு தோழி அனுப்பிய பழைய பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அப்பா தினமும் சாயங்காலம் என்னைக் கேள்வி கேட்பார். நான் முழிக்கிற வார்த்தைகளில் பாதிக்கு அவர் அர்த்தம் சொல்லிவிடுவார். "இது நம்ம பிரெஞ்சு வார்த்ததான் பாப்பா. இங்கிலீஷ்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்" என்பார். திருட்டுப்போன சாமானை அடையாளம் காட்டுகிற சந்தோஷம் அவர் முகத்தில் இருக்கும். சில நாள் நான் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவேன். அவர் அடுத்த வார்த்தையை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார், பதில் வராது, புத்தகத்தை மூடிவைப்பார்.

கணக்குக்குத்தான் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தோடு நான் கணக்கை விட்டிருந்தேன். தவளைக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. நானாகப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். பாதி வந்தது, பாதி வரவில்லை.

தேர்வு சென்னையில், ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டால் இருட்டுவதற்கு முன் போய்விடலாம். அப்பாவோடு சேர்ந்து படித்த ஒருவர் சென்னையில் குடியேறியிருந்தார். அவர் வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. துணி, பென்சில்கள், ரப்பர், ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு ரெக்சின் பையில் நான் எடுத்துவைத்தேன். காலையில் பையைத் தூக்கியபோது கனமாக இருந்தது. அந்தப் புத்தகத்தின் கனம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரை அப்பா சைக்கிளில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்காரவைத்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில், "அவங்க வீட்டுக்குப் போனதும் பையைத் தொறந்து பாரு" என்றார். ஏதோ பலகாரம் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. காரைக்காலில் கிடையாது. பூவம் வரை நம் ஊர், பூவம் தாண்டினால் தமிழ்நாடு. தாண்டியதும் ஒரு கீற்றுக்கொட்டகையில் போலீஸ் சாவடி. வடக்கே போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அங்கே நின்றுதான் போக வேண்டும். ஒரு போலீஸ்காரர் ஏறி, பிரம்பால் சீட்டுக்கு அடியில் தட்டிக்கொண்டே வருவார். சந்தேகப்பட்ட பையைத் திறக்கச் சொல்லுவார். எங்களுக்கு அது பழகிப்போன சங்கதி. பஸ்ஸில் யாரும் பேச்சைக்கூட நிறுத்தமாட்டார்கள். அன்றைக்கு அவர் என் பையைத் தட்டினார், கண்ணாடிச் சத்தம் கேட்டது. பேச்சு நின்றது.

திறந்தால், என் சேலைக்குள் சுருட்டி ஒரு பிராந்தி பாட்டில். சீல் உடைக்காதது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மரியாதைக்குரிய ஒருவர் வீட்டுக்குப் போனால் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துப் போவது எப்படியோ அப்படித்தான் ஒரு பாட்டில் எடுத்துப் போவதும். கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பார்கள், மகன் கோயிலில் முதல்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மை என்றால் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவனுக்கும் கொடுப்பார்கள். எங்கள் அப்பா வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் நண்பர் ஊற்றிக்கொடுத்தால், ஒரு மடக்குக் குடிப்பவர். ஆனால் தன் மகள் ஒரு வீட்டில் போய்த் தங்கும்போது வெறுங்கையோடு போய் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது. மதுவிலக்கு அவருக்குத் தெரியாதா? தெரியும். பேப்பரில் எழுத்து விடாமல் படிப்பவர். பேப்பரில் படித்த மதுவிலக்கும் தன் மகளுடைய பையும் அவர் மனத்தில் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று சொல்லாமலும் வைத்துவிட்டார்.

கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இடுப்பில் ரப்பர் பையைக் கட்டிக்கொண்டு சாராயம் கடத்துகிற பெண்கள் அந்த வழியில் உண்டு. நானும் அந்தக் கணக்கில் சேர்ந்தேன். பையோடு இறக்கிவிட்டார்கள். பஸ் போய்விட்டது.

சாவடியில் ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு மண்பானை. மேஜைக்குப் பின்னால் ஏட்டு. வயசானவர், நல்ல மனுஷன்தான். "என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். கல்லூரியில் டீச்சர் என்றேன். "டீச்சரா இருந்துகிட்டு இதெல்லாம் என்னாம்மா?" என்றார். அப்பா வைத்தார் என்று சொன்னால் கேஸ் அப்பா மேல் வரும். அவர் சர்க்கார் வேலையில் இருக்கிறவர், ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"லேபுக்குங்க. பூச்சியெல்லாம் கெடாம போட்டு வைக்க."

ஏட்டு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூச்சி ரொம்பக் குடுத்துவச்ச பூச்சிபோல" என்றார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். நாளைக் காலையில் சென்னையில் தேர்வு, இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை என்று சொன்னேன். அவர் அதை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தார். "பென்சில் கொண்டு வரணும்னு போட்டுருக்கான். வேற ஒண்ணும் கொண்டு வரச் சொல்லலியேம்மா" என்றார். பிறகு, சப்-இன்ஸ்பெக்டர் வந்துதான் முடிவு செய்ய வேண்டும், பெண்பிள்ளையாக இருப்பதால் தானாக எதுவும் எழுத விருப்பமில்லை, அதுவரை உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. சென்னை பஸ் ஒன்று நின்று, சோதனை முடிந்து, என் கண்ணெதிரே போயிற்று.

அந்தப் பக்கமிருந்து காரைக்காலுக்குப் போகிற பஸ்ஸில் என்னைப் பார்த்த யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உச்சிவேளைக்கு அப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமல் நேரே மேஜைக்குப் போனார்.

"நான்தாங்க வச்சேன். அவளுக்குத் தெரியாது. என்னய என்ன வேணாலும் பண்ணிக்குங்க. புள்ளய பஸ் ஏத்தி விட்டுடுங்க."

"லேபுக்குன்னு சொன்னாங்களே" என்றார் ஏட்டு.

"அவ பொய் சொல்லுவா, எனக்காக" என்றார் அப்பா.

ஏட்டு பாட்டிலை மேஜை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு பாட்டிலுக்கு ஒரு ஆளு போதும். அடுத்த பஸ்ல கெளம்புங்க" என்றார். நான் அசையவில்லை. அப்பாவை அந்தப் பெஞ்சில் விட்டுவிட்டு எப்படிப் போவது? அப்பா என் பையை எடுத்து மூடி, என் கையில் கொடுத்து, பஸ்ஸை அவரே கைநீட்டி நிறுத்தினார். "வார்த்தய எல்லாம் ஒரு தடவ திருப்பிப் பாத்துக்க" என்றார். பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

சென்னை வந்து சேர்ந்தபோது ஊர் அடங்கியிருந்தது. அப்பாவின் நண்பர் பஸ் நிலையத்தில் காத்திருந்து கூட்டிப்போனார். சோறு போட்டார்கள், இறங்கவில்லை. "அப்பா ஒண்ணும் குடுத்து வுடலியா?" என்று அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். கொடுத்துவிட்டார் மாமா, அதனால்தான் இப்போது போலீஸ் சாவடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் தேர்வு. மின்விசிறி சுற்றுகிற பெரிய மண்டபம், ஆளுக்கொரு மேஜை. வந்திருந்தவர்கள் எல்லாரும் என்ஜினீயரிங் படித்த பையன்கள். தலையில் எண்ணெய் வழிய ஒரு கதர்ச் சேலைக்காரி நான் ஒருத்தி. நம் ஊர்த் தேர்வு என்றால் தெரிந்ததை முதலில் எழுதிவிட்டுத் தெரியாததற்குக் கடைசியில் திரும்பி வரலாம். இங்கே அது கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நேரம். மணி அடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். போன பகுதியைத் திருப்பிப் பார்க்கக்கூடாது, வரப்போகிற பகுதியை எட்டிப் பார்க்கவும் கூடாது. வார்த்தைகள் வந்தன. அப்பா அடையாளம் காட்டிய வார்த்தைகள் ஒன்றிரண்டு கண்ணில் பட்டன, வட்டத்தை நிரப்பினேன். ஒவ்வொன்றிலும் அவர் குரல் கேட்டது. இந்நேரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருப்பார்களா, வீட்டுக்கு விட்டிருப்பார்களா, வேலை போய்விடுமா என்று மனம் ஒரு பக்கம் ஓடியது.

தர்க்கம் என்று ஒரு பகுதி. ஆறு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், முதலாமவர் இரண்டாமவர் பக்கத்தில் உட்காரமாட்டார், மூன்றாமவர் ஓரத்தில்தான் உட்காருவார், அப்படியானால் நான்காமவர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பெஞ்சு ஒன்றுதான். அதில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன், மணி அடித்துவிட்டது. கணக்குப் பகுதியில் கண் சொக்கியது. மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது, வென்றோமா தோற்றோமா என்பதெல்லாம் தோன்றவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

ஊருக்குத் திரும்பினால் அப்பா வீட்டு வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே, பாட்டிலைத் தரையில் கொட்டிவிட்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம். "கேள்வி எப்டி?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "பரவால்லன்னா என்ன அர்த்தம், பிரெஞ்சுல சொல்லச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அப்பா மேல் கோபம் ஆறவில்லை.

இரண்டு மாதம் கழித்து மதிப்பெண் வந்தது. போதாது. இறால் பேராசிரியர் வருத்தத்தோடு எழுதினார். பல்கலைக்கழகம் கேட்கிற அளவுக்குக் கொஞ்சம் குறைகிறது, அடுத்த வருஷமும் இடம் வைத்திருப்பேன், இன்னொரு முறை எழுது என்றார். அப்பா அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. "என்னாலதான்" என்றார். அந்தப் பேச்சு அன்றைக்கு ஆரம்பித்தது.

அடுத்த வருஷம் அப்பா என்னோடு தானே வந்தார். என் பையைப் புறப்படுமுன் அவரே கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். சாவடியில் பஸ் நின்றதும், போலீஸ்காரர் ஏறுவதற்குள் பையைத் திறந்து மடியில் விரித்து வைத்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்க, பாருங்க" என்று கேட்காமலே காட்டினார். போலீஸ்காரருக்கு அதனாலேயே சந்தேகம் வந்து அப்பாவின் வேட்டி மடிப்பைத் தடவிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த முறை இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டோம். அதே நண்பர் வீடு. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். கணக்கையும் வருஷம் முழுக்கப் போட்டுப் பார்த்திருந்தேன். நான் எழுதி முடிக்கிற வரை அப்பா மண்டபத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றார். மனசில் ஒரு பாரமும் இல்லாமல் எழுதினேன். இதற்கு மேல் என்னால் முடியாது என்று சொல்கிற அளவுக்கு எழுதினேன்.

மதிப்பெண் வந்தது. முதல் தடவையைவிடச் சற்றுக் குறைவு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் ஒரு ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் இல்லாமல், சோறு இல்லாமல், அப்பா ஜெயிலுக்குப் போய்விட்டாரோ என்ற பயத்தோடு எழுதியதும், நிம்மதியாக எழுதியதும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் பாட்டில் காரணமில்லை. போலீஸும் இல்லை. என்னால் முடிந்தது அதுதான், அது போதவில்லை. எனக்கு வலித்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வலிக்கு நடுவில் ஒரு நிம்மதியும் இருந்தது. இதைச் சொன்னால் அப்பா மனசாவது ஆறும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அவர் முன்னால் இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"பாருங்கப்பா. ரெண்டும் ஒண்ணுதான். பாட்டில்னால ஒண்ணும் கெடல. எனக்கு வந்தது அவ்வளவுதான்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிம்மதி வரும் என்று பார்த்தேன். முகம் இறுகியது. "அது மொதத் தடவ பட்ட பயம். இந்தத் தடவயும் உள்ள இருந்து வேல செஞ்சுருக்கு" என்றார். இல்லையப்பா என்றேன். "நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்" என்றார். அப்பா என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு அது ஊர்க் கதையாகிவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிடுவார். "அமெரிக்கா போக வேண்டியவ. என் முட்டாத்தனத்தால நின்னு போச்சு." வந்தவர்கள், அமெரிக்கா போகிற அளவு பெண் நமக்கு எதற்கு என்று நினைத்தார்களோ, முட்டாள் சம்பந்தம் எதற்கு என்று நினைத்தார்களோ, போனவர்கள் திரும்பவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒருமுறை என் கல்லூரி முதல்வரிடமே அப்பா அதைச் சொல்லிவிட்டார். மறுநாள் முதல் முதல்வர் என்னிடம் கொஞ்சம் இரக்கமாக நடந்துகொண்டார், புதிதாக இரண்டு பாடவேளையும் சேர்த்துக் கொடுத்தார்.

மனுஷர் தன்மேல் பழியைச் சுமப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை இறக்கிவைக்கச் சொன்னால் இறுக்கிப் பிடித்துக்கொள்வதை அப்பாவிடம்தான் பார்த்தேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முன் பெரிய வாரத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்கள், வீட்டில் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்பா ஒவ்வொரு வருஷமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பார். "பாப்பா, கோயிலுக்குப் போறேன். அந்த விஷயத்துல என்னய மன்னிச்சுக்க" என்பார். நானும் ஒவ்வொரு வருஷமும், மன்னிக்க ஒன்றும் இல்லையப்பா, இரண்டாவது தடவை பாட்டிலா இருந்தது என்று ஆரம்பிப்பேன். எனக்கு உண்மை முக்கியம். நான் அறிவியல் படித்தவள். அப்பா கேட்டுக்கொண்டு நிற்பார், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடமாட்டார்.

வருஷங்கள் அப்படியே போயின. அப்பா ஓய்வு பெற்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் மறுபடி வந்தன, சாவடிக் கொட்டகை ஆளில்லாமல் கிடந்தது. அம்மா படுத்த படுக்கையானாள். நான் அதே ஆய்வகத்தில் புதுப் பிள்ளைகளுக்கு அதே தவளையைக் கீறிக் காட்டிக்கொண்டிருந்தேன். இறால் பேராசிரியர் தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சில காலம் அனுப்பிக்கொண்டிருந்தார், பிறகு நின்றுபோயிற்று.

எண்பதுகளின் நடுவில் ஒரு பெரிய வியாழன். மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து நின்றுவிட்டு வந்து, அம்மாவுக்கு வெந்நீர் போட்டுத் துடைத்துவிட்டு, கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் வந்து நின்றார். அந்த வருஷம் சட்டை அவருக்குத் தொளதொளவென்று ஆகியிருந்ததைக் கவனித்தேன். அதே வார்த்தையைச் சொன்னார். வழக்கமான பதில் என் தொண்டை வரை வந்தது. எடுத்துச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. எத்தனை வருஷம்தான் ஒரே விஷயத்தை நிரூபித்துக்கொண்டிருப்பது?

"மன்னிச்சுட்டேன்ப்பா" என்றேன். "போயிட்டு வாங்க."

அவர் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அது மட்டும் இல்லேன்னா நீ போயிருப்பல்ல?"

அரிசியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் கேட்டது மன்னிப்பே அல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"போயிருப்பேன்ப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். குடையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. தேர்வு முடிவு வந்த இரண்டு தடவையும் நான் அழவில்லை. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கேட்காமல், அவர் கோயிலிலிருந்து திரும்பி வரும் வரை அழுதேன்.